குத்துவிளக்கைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விடுங்கள்

கேள்வி: சிங்கப்பூர் பொங்கோலில் புது நாலறை வீட்டுக்குப் போன வாரம்தான் சாவி வாங்கினோம். ஆடம்பரமில்லாமல், ஆனால் லட்சணமாக வீட்டை வைத்துக்கொள்ள ஆசை. கான்ட்ராக்டர் ஃபால்ஸ் சீலிங், டிவிக்குப் பின்னால் பளிங்குச் சுவர் என்று நீளப் பட்டியல் போடுகிறார். மாமியார் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு ஜோடி குத்துவிளக்கு, தஞ்சாவூர் ஓவியம், உருளி, கொலு பொம்மைகள் எல்லாம் எங்களிடம் இருக்கின்றன. இவற்றை வைத்தால் வீடு அடைசலாகிவிடுமோ? எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: உங்கள் வீட்டு அலங்காரம் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது, அம்மா. அந்த விளக்குகளும் ஓவியமும் போதும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெளியே எடுத்து வைக்கும்போதுதான் வீடு அடைசலாகும். ஒரு பார்வைக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கான்ட்ராக்டர் பட்டியலில் பாதியை இப்போதே அடித்துவிடலாம். ஃபால்ஸ் சீலிங் போட்டால் தரையிலிருந்து 2.4 மீட்டருக்குக் குறையக்கூடாது என்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) விதி. நம் வீடுகளின் உயரமே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதையும் அடைத்தால் கூடம் தாழ்ந்துபோய்விடும். வேண்டாம். பளிங்குச் சுவரும் வேண்டாம். டிவி அணைந்திருக்கும் நேரமெல்லாம் கண் அங்கேதான் போய் நிற்கும். புது வீட்டில் முதல் மூன்று ஆண்டுகளுக்குக் குளியலறை ஓடுகளைப் பெயர்க்க அனுமதியில்லை, அதனால் அந்தச் செலவும் இல்லை.

மிச்சமாகும் பணத்தை இரண்டு இடத்தில் போடுங்கள்: அலமாரி, வெளிச்சம்.

அலமாரி கூரைவரை போகட்டும், சுவரின் நிறத்திலேயே இருக்கட்டும். தச்சரிடம் பேசுவதற்கு முன் மிக்ஸி, கிரைண்டர், இட்லிப் பானை, பண்டிகைக்கு மட்டும் எடுக்கும் பெரிய அண்டா எல்லாவற்றையும் அளந்து எழுதி வையுங்கள். கிரைண்டரை இடுப்பு உயரத்துக்கு மேல் வைக்கச் சொல்லாதீர்கள், தூக்கி இறக்க முடியாது. செருப்பு அலமாரியை வாசலுக்கு உள்ளேயே வைத்துவிடுங்கள், நடைபாதை காலியாக இருக்கட்டும். வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டரின் சுவரை உடைக்கவோ கதவை மாற்றவோ கூடாது. உள்ளே தனியாக நிற்கும் இரும்புத் தட்டுகளை வைத்துக்கொள்ளலாம்.

இப்போது வெளிச்சம். இதில்தான் பல வீடுகள் கெட்டுப்போகின்றன. கூரை முழுக்க வரிசையாகப் பன்னிரண்டு வெள்ளை விளக்குகளைப் போட்டால் கூடம் கிளினிக் மாதிரி ஆகிவிடும். விளக்குப் பெட்டியில் 'கே' என்ற எழுத்தோடு ஓர் எண் போட்டிருக்கும்; எண் குறைந்தால் மஞ்சள் வெளிச்சம், கூடினால் வெள்ளை. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் 3000, சமையல் மேடைக்கு மட்டும் 4000 வாங்குங்கள். 6500 எங்குமே வேண்டாம். கூடத்தில் கூரை விளக்கு ஒன்று, சோபா ஓரத்தில் நிற்கும் விளக்கு ஒன்று, குத்துவிளக்கின் மேல் சாய்வாக விழும் சிறு விளக்கு ஒன்று. இந்த மூன்று போதும்.

அந்த மூன்றாவது விளக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெள்ளை வெளிச்சத்தில் பித்தளை வெளிறிப்போகும். மஞ்சள் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் தண்டில் கடைந்த வளையம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும்; உச்சியில் அன்னம் இருந்தால் அதன் நிழல் சுவரில் விழும். வெறும் சுவர், கீழே ஒரு பழைய மணை, இரண்டு பக்கமும் ஒரு கை நீளம் காலி இடம். அங்கே வேறெதையும் வைக்காதீர்கள், பூந்தொட்டிகூட வேண்டாம். தினமும் திரி ஏற்றுவீர்கள் என்றால் கூரை விசிறியின் காற்று படாத மூலையாகப் பார்த்து வையுங்கள். தலைக்கு மேல் பலகை இருக்கவே கூடாது. சாமி அலமாரிக்குள் விளக்கு வைத்து மேல்பலகை கருகிப்போன வீடுகளை நிறையவே பார்த்திருக்கிறேன். இந்த ஊர் ஈரத்தில் பித்தளை சீக்கிரம் கறுக்கும். புளி போட்டுத் தேய்த்த கையோடு உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள், ஈரத்தோடு விட்டால் புள்ளி விழும்.

தஞ்சாவூர் ஓவியத்துக்கு ஈரம்தான் எதிரி. பலகையில் துணி ஒட்டி, அதன்மேல் சுண்ணப் பூச்சு வைத்துத் தங்கத் தகடு பதித்தது அது. குளியலறையை ஒட்டிய சுவரிலும் ஏர்கானுக்கு நேர் எதிரிலும் மாட்ட வேண்டாம், சாயங்கால வெயில் படும் இடமும் ஆகாது. சட்டத்தின் பின்புறம் நான்கு மூலையிலும் சிறு தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் ஓவியத்துக்கும் நடுவே காற்று போய்வரும். ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145, 150 சென்டிமீட்டரில் இருந்தால் பார்க்க வாகாக இருக்கும். விளக்கும் ஓவியமும் ஒரே சுவரில் வேண்டாம், எதிரெதிரே இருக்கட்டும்.

சுவருக்குச் சுத்த வெள்ளையைவிடப் பால் வெள்ளை நல்லது. தாளில் பூசி ஒட்டி, காலை, மாலை, இரவு மூன்று வேளையும் பார்த்தபிறகு முடிவு செய்யுங்கள். திரைச்சீலை கூரையில் தொடங்கித் தரைவரை தொங்கினால் கூடம் உயரமாகத் தெரியும். நிறம் வேண்டும் என்று மனம் கேட்டால், பீரோவில் கட்டாமல் கிடக்கும் சுங்குடிச் சேலையைத் தலையணை உறையாகத் தைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மிகப் பிடித்த யோசனை அது.

கொலு பொம்மைகள் ஒன்பது நாளைக்கு மட்டும் வெளியே வரட்டும், அதில்தான் அவற்றுக்கு அழகு. மற்ற நாளில் ஒவ்வொன்றையும் பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள்.

உருளியைத் தினமும் நீர் நிரப்பி வைக்காதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிட அவ்வளவு நீரே தாராளம். வெள்ளிக்கிழமை தேக்கா சந்தையில் மல்லிகையோ செவ்வந்தியோ வாங்கி வந்து மிதக்கவிடுங்கள். ஞாயிறு காலை கொட்டிக் கழுவி, உள்பக்கம் நன்றாகத் தேய்த்து, கவிழ்த்து வைத்துவிடுங்கள்.