பைல்ஸ் சரியாச்சு, வயிறு ஏன் உப்புது?

கேள்வி: டாக்டர் வணக்கம். எனக்கு வயசு 41, ரைஸ் மில்லுல கணக்கு எழுதற வேலை, நாள் முழுக்க உக்காந்தே தான். மூணாவது டிகிரி பைல்ஸ்னு சொல்லி லேசர் பண்ணாங்க, ரெண்டு வாரம் ஆகப்போகுது. ரத்தம் நின்னுடுச்சு, வலியும் பரவால்ல, ஆனா வயிறு தான் இப்போ பெரிய தொல்லை. சாப்பிட்டு அரை மணி நேரத்துல டம்முனு உப்பிக்குது, ஏப்பமா வருது, கேஸ் விடவே பயமா இருக்கு தையல் பிரிஞ்சிடுமோன்னு. லாக்டுலோஸ் சிரப், ட்ரமடாலும் பாரசிட்டமாலும் கலந்த வலி மாத்திரை, மெட்ரோனிடசோல்ங்கற ஆன்டிபயாடிக் குடுத்திருக்காங்க. அம்மா வேற நார்ச்சத்து நார்ச்சத்துன்னு காலைல முளைகட்டின பயறு, மத்தியானம் ரெண்டு கீரை, சாயந்திரம் சுண்டல், ராத்திரி கொய்யாவும் இசப்கோல் நார்ப்பொடியும்னு குடுத்துட்டே இருக்காங்க. உள்ள ஏதாச்சும் தப்பா பண்ணிட்டாங்களா?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: நீங்க எழுதினத வச்சுப் பாத்தா தப்பா எதுவும் நடந்த மாதிரி தெரியல. லேசர் வச்ச இடம் ஆசனவாய், அது மொத்தமே 4 செ.மீ. நீளம் தான். கேஸ் உருவாகறது அதுக்கு மேல இருக்கற பெருங்குடல்ல, அது கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர். அதனால புண்ணு ஆறுறது ஒரு கதை, வயிறு உப்பறது வேற கதை. ரெண்டாவது கதைக்குக் காரணம் முக்கால்வாசி உங்க மருந்து டப்பாவுலயும் அம்மா சமையல்லயும் தான் இருக்கு (அம்மாவ திட்டிடாதீங்க, பாவம், நல்லதுன்னு தான செய்யறாங்க).

லாக்டுலோஸ்ங்கறது நம்ம குடலுக்கு ஜீரணிக்கத் தெரியாத ஒரு சர்க்கரை. அது அப்படியே பெருங்குடல் வரைக்கும் போய், தண்ணிய இழுத்து மலத்த இளக்கும், ஆனா அங்க இருக்கற பாக்டீரியா அதப் புளிக்க வச்சுடும், புளிச்சா கேஸ் வராம என்ன பண்ணும். நிறைய பேருக்கு முதல் சில நாள் தான் இந்தத் தொல்லை, அப்புறம் அடங்கிடும், அடங்கலன்னா டோஸ் குறைச்சா சரியாகும். பயறு, சுண்டல் எல்லாமும் இதே வேலையத் தான் பண்ணும், அதுலயும் ஜீரணமாகாத சர்க்கரை இருக்கு. இதுக்கு நடுவுல ட்ரமடால், அது குடலோட அசைவையே மந்தமாக்கும். ஆக மேல கேஸ் உற்பத்தியாகிட்டே இருக்கு, குடல் நகர மாட்டேங்குது, போற வழிய நீங்க பயந்து இறுக்கிப் பிடிச்சுட்டு இருக்கீங்க. உப்பாம என்ன செய்யும்?

எல்லா மருந்தையும் ஒரே நாள்ல நீங்களா தூக்கிப் போட்றாதீங்க, மலம் இறுகிட்டா புண்ணு மறுபடி கீறிக்கும், அந்த வலிக்கு இந்த உப்பசமே தேவலாம்னு தோணும். ஆபரேஷன் பண்ண டாக்டருக்கு ஒரு போன் போட்டு ரெண்டே விஷயம் கேளுங்க. வலி குறைஞ்சிடுச்சே, ட்ரமடால நிறுத்திட்டு வெறும் பாரசிட்டமால் போதுமா? லாக்டுலோஸ் அளவக் குறைக்கலாமா? கலந்த மாத்திரையில ஏற்கனவே பாரசிட்டமால் இருக்கு, அதுகூட தனியா இன்னொன்னு சேத்துப் போட்டா டோஸ் ஏறிடும், இத நிறைய பேர் கவனிக்கறதில்ல. மெட்ரோனிடசோல் வாய்ல இரும்பு ருசி, குமட்டல் குடுக்கும், சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க, அது முடிஞ்சு மூணு நாள் ஆகற வரைக்கும் மது பக்கம் போகவே கூடாது.

சாப்பாட்டுல பயறு, சுண்டல், முட்டைகோஸ், காலிஃபிளவர் இதுங்களுக்கு ரெண்டு வாரம் லீவு குடுங்க. இட்லி, ரசம் சாதம், பீர்க்கங்காய், சுரைக்காய், கேரட், பப்பாளி, கீரை ஒரு வேளை மட்டும். ஒரு நாளைக்கு 25-30 கிராம் நார்ச்சத்து வேணும்ங்கறது உண்மை தான், ஆனா பல வருஷமா வெள்ளைச் சோறும் பரோட்டாவுமா பழகின வயித்துல அத ஒரே வாரத்துல கொட்டக்கூடாது, மெதுவா ஏத்தணும். இசப்கோல் நல்லது, நிறுத்த வேண்டாம், ஒரு ஸ்பூன் போட்டா ஒரு பெரிய டம்ளர் தண்ணி கண்டிப்பா, தண்ணி குறைஞ்சா அதுவே உள்ள கட்டியா நின்னு அடைக்கும். பால் குடிச்சா உப்புதுன்னா கொஞ்ச நாள் மோருக்கு மாறிப் பாருங்க.

கேஸ் விட்டா ஒண்ணும் பிரியாது, லேசர்ல பெரும்பாலும் தையலே இருக்காது. புண்ணு ஆற வெதுவெதுப்பான தண்ணி டப்புல பத்து பதினஞ்சு நிமிஷம் உக்காருவீங்கல்ல, அந்த நேரத்துல தசை தளரும், கேஸ் தானா போகும், கூச்சப்படாதீங்க. சாப்பிட்டதும் படுக்காம பத்து நிமிஷம் வீட்டுக்குள்ளயே நடங்க. காலைல டிபன் முடிஞ்சதும் குடல் இயற்கையாவே அசையும், அப்ப டாய்லெட் போங்க, வெஸ்டர்ன்னா காலுக்கு அடியில ஒரு குட்டி ஸ்டூல் வச்சுக்கங்க, அஞ்சு நிமிஷத்துக்கு மேல உக்காராதீங்க, போன வெளியவே வச்சுட்டுப் போங்க.

ஆனா கேஸ், மலம் ரெண்டுமே சுத்தமா போகாம வாந்தியோட வயிறு வீங்கினா, காய்ச்சல் குளிர் வந்தா, வலி குறையறதுக்கு பதிலா ஏறிட்டே போனா, ஒண்ணுக்குப் போக முடியலன்னா, ரத்தம் கட்டி கட்டியா வந்தா, போன்லாம் வேண்டாம் நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரத்தம் நின்ன பிறகும், ஆபரேஷன் ஆகி ஒண்ணு ரெண்டு வாரத்துல திரும்ப வர வாய்ப்பு இருக்கு.

கேள்வி: என் மாமியாருக்கு 68 வயசு, மூலத்துக்கு ஆபரேஷன் ஆகி ஒரு வாரம். மூணு நாளா சரியா போகல, வயிறு கனமா இருக்குன்னாங்க, இப்போ தண்ணி தண்ணியா கசியுது, டாய்லெட் போறதுக்குள்ள துணில பட்டுடுது. பேதின்னு நினைச்சு பேதி நிக்கற மாத்திரை வாங்கி வச்சிருக்கேன், குடுக்கலாமா?
- ஒரு மருமகள், ஈரோடு

பதில்: குடுக்காதீங்கம்மா! இது பேதி இல்லாம இருக்கவே வாய்ப்பு அதிகம். கெட்டியான மலம் கீழ அடைச்சுட்டு நிக்கும்போது மேல இருக்கற தண்ணி மலம் மட்டும் பக்கவாட்டுல கசிஞ்சு வரும், பாக்கறதுக்கு பேதி மாதிரியே இருக்கும். வயசானவங்க வலிக்குப் பயந்து அடக்கறது, தண்ணி குறைவா குடிக்கறது, கூடவே ரத்தம் குறைஞ்சிருக்குன்னு அயர்ன் மாத்திரை, எல்லாம் சேந்தா இப்படி ஆகும். பேதிய நிறுத்தற மாத்திரை குடுத்தா அடைப்பு இன்னும் இறுகிடும். வீட்டுலயே எனிமாவும் குடுக்காதீங்க, புண்ணு பச்சையா இருக்கு. இன்னைக்கே ஆபரேஷன் பண்ணவங்ககிட்ட கூட்டிட்டுப் போங்க, அவங்க கை வச்சுப் பாத்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

கேள்வி: பைல்ஸுக்கு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டின பிறகு கேஸுக்கு கோலி சோடா குடிக்கலாமா? கோழிக்கறி சூடுன்னு வீட்டுல விட மாட்டேங்கறாங்க.
- ஒரு வாசகர், கரூர்

பதில்: சோடாவுல இருக்கறதே கேஸ் தான், ஏப்பம் வந்ததும் சுகமா இருக்கும், அவ்ளோ தான். ஓம வாட்டரோ பெருங்காயம் போட்ட மோரோ குடிங்க. கோழி சாப்பிட்டா மூலம் வராது, ஆனா அதுல நார்ச்சத்து துளி கூட இல்ல, குழம்புல காரம் தூக்கலா இருந்தா போகும்போது எரியும். காரம் கம்மியா ரெண்டு துண்டு, கூட காய் நிறைய, அப்படின்னா வீட்டுல நானே சொன்னேன்னு சொல்லிக்கோங்க.