விமான கம்பெனி திவால்: கொடுத்த டிக்கெட் காசு திரும்புமா?

கேள்வி: நான், மனைவி, மகள் குடும்பத்தில் நான்கு பேர் என ஆறு பேர் அடுத்த மாதம் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி டெல்லி போய், அங்கிருந்து காசிக்குப் போவதாக இருந்தோம். நான்கு டிக்கெட்டை மகள் தன் கிரெடிட் கார்டில் கம்பெனியின் வெப்சைட்டிலேயே எடுத்தாள். 48,000 ரூபாய். எங்கள் இரண்டு பேருக்கும் அம்பையில் தெரிந்த ஏஜென்ட் அண்ணாச்சியிடம் 24,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தேன். இப்போது அந்தக் கம்பெனி திவால் மனு போட்டு, தீர்ப்பாயமும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டதாம். விமானம் எல்லாம் ரத்து. போன் போட்டால் எடுப்பதில்லை. 'பிறகு பயன்படுத்திக்கொள்ள கிரெடிட் தருகிறோம், சம்மதம் என்றால் அழுத்தவும்' என்று மகளுக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது. அண்ணாச்சியோ, 'கம்பெனி தந்தா நான் தாரேன்' என்கிறார். நெல்லை நுகர்வோர் கோர்ட்டில் கேஸ் போடலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம்

பதில்: முதலில் அந்த மெயிலில் உள்ள பொத்தானை யாரும் அழுத்திவிட வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கம்பெனி மேல் இப்போது கேஸ் போட்டால் நிற்காது. திவால் சட்டத்தின் 14-வது பிரிவில் ஒரு தடைக்காலம் உண்டு. மனுவைத் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் ஏற்ற நாளில் இருந்து அந்தக் கம்பெனி மேல் புதிதாக வழக்குப் போடவும் முடியாது, ஏற்கெனவே உள்ள வழக்கை நடத்தவும் முடியாது. நுகர்வோர் ஆணையத்துக்கும் இது பொருந்தும். முன்பு வேறொரு விமான கம்பெனி முடங்கியபோது, என்னிடம் கேஸுக்கு வந்த கட்சிக்காரர் ஒருவர் நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் மனுப் போட்டார். வாய்தா வாய்தாவாகப் பாளையங்கோட்டைக்கு அலைந்ததுதான் மிச்சம்.

உங்கள் காசு இரண்டு வழியில் போயிருக்கிறது, திரும்பி வருவதானாலும் இரண்டு வழியில்தான் வர வேண்டும். மகளின் 48,000-ஐப் பற்றி எனக்கு நம்பிக்கை அதிகம். கார்டில் காசு கட்டி, சேவை கிடைக்காமல் போனால், கார்டு கொடுத்த பேங்க்கிடம் 'சார்ஜ்பேக்' கேட்கலாம். பேங்க் அந்தப் பணத்தை விமான கம்பெனிக்கு வரவு வைத்த பேங்க்கிடம் இருந்து திருப்பி வாங்கித் தரும். திவால் வரிசையில் நீங்கள் நிற்கவே வேண்டாம், அதுதான் இதில் உள்ள சௌகரியம். ஆனால் நாள் கணக்கு உண்டு. விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நெட்வொர்க் விதிகளில் பொதுவாக 120 நாள். பேங்க் அதைவிடக் குறைவாகவும் வைத்திருக்கலாம், அதனால் இந்த வாரமே செய்துவிடுங்கள்.

கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கேட்க வேண்டும். மகளுக்காக நீங்கள் எழுதிக் கொடுத்தால் பேங்க்கில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். டிக்கெட், விமானம் ரத்து என்ற செய்தி, பணம் போன ஸ்டேட்மென்ட் மூன்றையும் வைத்து, 'சேவை வழங்கப்படவில்லை' என்ற காரணத்தைக் குறிப்பிட்டு மெயில் அனுப்பச் சொல்லுங்கள். கிளையில் போய் வாயால் சொல்லிவிட்டு வருவது கணக்கில் வராது. 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, சரியான காரணம் இல்லாமல் மறுத்தாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

கிரெடிட்டுக்குச் சம்மதிக்க வேண்டாம் என்றது இதனால்தான். சம்மதித்துவிட்டால், 'பணத்துக்குப் பதில் வேறொன்றை வாங்கிக்கொண்டார்களே' என்று சார்ஜ்பேக்கைத் தட்டிக்கழிக்க வழி கிடைத்துவிடும். தவிர, பறக்காத விமானத்தில் கிரெடிட் வைத்து என்ன செய்ய?

அண்ணாச்சி சங்கதிக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய ரசீதின் படத்தைப் பார்த்தேன். கோடு போட்ட நோட்டில் கிழித்த அரைத்தாள், '2 டிக்கெட் 24,000' என்று பால்பாயின்ட் பேனாவில் எழுத்து, கீழே ஒரு சுழி. கடைப் பெயர் இல்லை, சீல் இல்லை, தேதிகூட இல்லை. தெரிந்தவர் என்பதால் விட்டிருப்பீர்கள், நம்மூரில் எல்லோரும் செய்வதுதான். அவரிடம் சண்டைக்குப் போகாமல், எழுத்தில் இரண்டே விஷயம் கேளுங்கள்: டிக்கெட்டின் பிஎன்ஆர் நம்பர், கம்பெனிக்கு அவர் பணம் கட்டிய நாளும் அதற்கான பில்லும். வாட்ஸ்அப்பில் கேட்டாலும் போதும், பதிலை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கம்பெனிக்குப் போய், டிக்கெட்டும் உண்மையாகவே போடப்பட்டிருந்தால், விமானம் பறக்காததற்கு அவரைப் பொறுப்பாக்குவது கஷ்டம். அவர் எடுத்த கமிஷனை வேண்டுமானால் கேட்கலாம். பணம் போனதைக் காட்ட முடியவில்லை, அல்லது கம்பெனி முடங்கிய பிறகு வாங்கியிருக்கிறார் என்றால் அது வேறு கதை. தடைக்காலம் கம்பெனிக்குத்தான், அண்ணாச்சிக்கு இல்லை. அவர் மேல் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தாராளமாகப் போகலாம். 2 வருஷம் அவகாசம் இருக்கிறது, 5 லட்சம் வரை மனுக் கட்டணமும் கிடையாது. டிக்கெட்டே போடவில்லை என்று தெரிந்தால் மோசடிப் புகாருக்கும் இடம் இருக்கிறது.

பணம் கம்பெனியிடம்தான் போயிருக்கிறது என்றால், மிச்சம் இருப்பது திவால் வரிசை. கம்பெனியைப் பார்த்துக்கொள்ளவும் கோரிக்கைகளைச் சரிபார்க்கவும் தீர்ப்பாயம் நியமித்த தீர்வு நிபுணர் பத்திரிகையில் பொது அறிவிப்பு கொடுப்பார். அதில் கோரிக்கை அனுப்பக் கடைசித் தேதி இருக்கும். தேதி தவறினாலும், மனு ஏற்கப்பட்ட நாளில் இருந்து 90 நாள் வரை அனுப்பலாம். டிக்கெட்டுக்கு முன்பணம் கட்டியவரும் கடன் கொடுத்தவர்தான். சென்னை மெட்ரோ வேலைக்கு விளக்கு சப்ளை செய்ய வாங்கிய முன்பணம் பற்றிய வழக்கில், சேவைக்கோ சரக்குக்கோ கொடுத்த முன்பணமும் 'செயல்பாட்டுக் கடன்', அதாவது சரக்கு, சேவை சம்பந்தமான பாக்கிதான் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் அந்த வகைக் கடனுக்கு உள்ள படிவம் 'பி' உங்களுக்கானது. வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை, மெயிலில் அனுப்பலாம். மகளும் ஒன்று போட்டு வைக்கலாம். பேங்க் வழியாகப் பணம் வந்துவிட்டால் உடனே தெரிவித்துக் கோரிக்கையைத் திருத்த வேண்டும், ஒரே காசை இரண்டு பக்கமும் வாங்கக் கூடாது.

இந்த வரிசையில் எவ்வளவு வரும்? பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். கம்பெனி கலைக்கப்பட்டால் 53-வது பிரிவுப்படி முதலில் நடைமுறைச் செலவு, அப்புறம் தொழிலாளர் பாக்கியும் அடமானம் வாங்கிய பேங்க்குகளும், பிறகு மற்ற ஊழியர், அடமானமில்லாமல் வட்டிக்குக் கொடுத்த கடன், அரசு பாக்கி. பயணிகள் அதற்கும் கீழே. 'விமானத்தை விற்றால் காசு வராதா' என்று கேட்பீர்கள். பெரும்பாலான விமானங்கள் குத்தகைக்கு எடுத்தவை. கோ ஃபர்ஸ்ட் விமான கம்பெனி 2023 மே 2-ல் திவால் மனு போட்டது, மே 10-ல் மனு ஏற்கப்பட்டது. விமானங்களைக் குத்தகைக்குக் கொடுத்தவர்கள் கோர்ட் ஏறினார்கள். 2024 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் கொடுத்தவர்களே எடுத்துப்போக வசதியாக 54 விமானங்களின் பதிவை நீக்க உத்தரவிட்டது. 2025 ஜனவரியில் கம்பெனியையே கலைக்க உத்தரவாகிவிட்டது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. இழுத்து இழுத்து, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கலைக்கச் சொன்னது. ஐந்தரை வருஷம்.

அதற்காகக் கோரிக்கை போடாமல் விட்டுவிடாதீர்கள். யாராவது கம்பெனியை எடுத்து நடத்தத் தீர்வுத் திட்டம் கொடுத்து அது அங்கீகரிக்கப்பட்டால், அதில் சேராத பழைய பாக்கி எல்லாம் ஒழிந்ததாகவே கணக்கு. 2021-ல் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லிவிட்டது.

இனி வேறு டிக்கெட் எடுத்தால், அதிகப்படியாகும் செலவை இந்தக் கம்பெனியிடம் வாங்கலாம் என்று நினைத்து எடுக்காதீர்கள். நீங்கள் கட்டிய டிக்கெட் காசைத்தான் தீர்வு நிபுணர் பார்ப்பார். பயணக் காப்பீடு எடுத்திருந்தால், விமான நிறுவனம் திவாலாவது அதில் அடங்குகிறதா என்று பாருங்கள், பல பாலிசிகளில் அடங்காது. காசிக்குப் போவதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். கன்னியாகுமரியில் இருந்து பனாரஸுக்கு வாராந்திர ரயில் இருக்கிறது. ஆறு பேருக்கு இடம் வேண்டும் என்றால் இன்றைக்கே பார்ப்பது நல்லது.