சிங்கப்பூர் குரூஸ்: கப்பல் ஏறும் முன் எங்கே தங்குவது, இறங்கிய பின் எங்கே?

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவு குரூஸ் போகிறோம். நான், மனைவி, 9 வயது மகள், 4 வயது மகன், எழுபதை நெருங்கும் அப்பா, அம்மா என்று ஆறு பேர். பெரியவர்கள் இருவரும் சைவம். திருச்சியிலிருந்து போகும் விமானம் விடியற்காலையில் சிங்கப்பூரில் இறங்கும். கப்பல் மாலையில்தானே கிளம்புகிறது, அன்றைக்கே போய் ஏறிக்கொள்ளலாம், ஹோட்டல் எதற்கு என்கிறார் மைத்துனர். முதல் நாளே போய்த் துறைமுகத்துக்குப் பக்கத்தில் தங்குங்கள் என்கிறார் டிராவல் ஏஜென்ட். தங்குவதென்றால் லிட்டில் இந்தியாவில்தான் என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார். திரும்பி வந்ததும் ஒரு நாள் ஊர் பார்க்க ஆசை. என்ன செய்யலாம்? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: உங்கள் அப்பா சொல்வதுதான் சரி. ஏஜென்ட் சொன்னதில் பாதி சரி. மைத்துனர் சொல்வதை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

முதலில் மைத்துனர் கணக்கைப் பார்த்துவிடுவோம். காலை ஆறு மணிக்கு இறங்கினால் மாலை ஐந்து மணிக் கப்பலுக்குப் பதினொரு மணி நேரம் இருக்கிறது என்று தோன்றும். ஆனால் கப்பல் கிளம்பும் நேரம் வேறு, பதிவை மூடும் நேரம் வேறு. பல கம்பெனிகள் கிளம்புவதற்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடும். அது போகட்டும், விமானம் நாலைந்து மணி நேரம் தாமதமாவது ஒன்றும் அதிசயமில்லை. டிசம்பர் மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். விமான டிக்கெட்டைத் தனியாக வாங்கியிருந்தால், நீங்கள் வராததற்குக் கப்பல் கம்பெனி பொறுப்பேற்காது. பணமும் திரும்பாது. அடுத்த துறைமுகத்தில் போய் ஏறிக்கொள்வதெல்லாம் பத்து நாள் பயணத்துக்குச் சரி. மூன்று இரவுப் பயணத்தில் இடையில் வருவதே ஒன்றிரண்டு துறைமுகம்தான். அங்கே பறந்து போக ஆறு டிக்கெட், அந்த நாட்டு நுழைவு விதிகள், கப்பல் கம்பெனியின் அனுமதி என்று ஏகப்பட்ட சிக்கல். ஒரு நாள் முன்னதாகப் போய்விடுங்கள்.

ஏஜென்ட் சொன்னதில் ‘முதல் நாளே’ என்பது சரி, ‘துறைமுகத்துக்குப் பக்கத்தில்’ என்பது தேவையில்லை. சில ஊர்களில் அந்த யோசனை அர்த்தமுள்ளதுதான். ரோம் கப்பல் என்று விற்பார்கள், ஏறுவது சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி சிவிட்டாவெக்கியாவில். லண்டன் என்று சொல்லிவிட்டு சவுத்தாம்ப்டனில் ஏற்றுவார்கள். அங்கெல்லாம் முதல் நாள் இரவு எந்த ஊரில் படுக்கிறோம் என்பது பெரிய கேள்வி. சிங்கப்பூரில் துறைமுகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் ரோட்டிலிருந்து டாக்சி எடுத்தால் சாதாரண நாளில் இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். அந்த இருபது நிமிடத்தை மிச்சப்படுத்த மரினா பே பக்கம் இரண்டு அறை எடுத்தால், அறை வாடகை வித்தியாசத்திலேயே இன்னொரு நாள் தங்கிவிடலாம். இத்தனைக்கும் அங்கே பெட்டிகளை உருட்டிக்கொண்டு நடந்தே முனையத்துக்குப் போகிற தூரத்தில் வசதியான ஹோட்டல் கிடையாது. எங்கே தங்கினாலும் வண்டி எடுக்கத்தான் வேண்டும்.

பக்கமா தூரமா என்பதைவிட, எந்த முனையம் என்பதை முதலில் பாருங்கள். சிங்கப்பூரில் குரூஸ் முனையம் இரண்டு. ஒன்று 2012இல் திறந்த மரினா பே குரூஸ் சென்டர். இன்னொன்று ஹார்பர்ஃபிரன்ட்டில், விவோசிட்டி மாலுக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய சிங்கப்பூர் குரூஸ் சென்டர். பழைய முனையத்துக்கு மேலே செந்தோசா தீவுக்குப் போகும் கேபிள் கார் ஓடுவதால் மிக உயரமான கப்பல்கள் அங்கே வர முடியாது. அதனால் பெரிய கப்பல்கள் மரினா பேயில்தான் நிற்கும். உங்கள் கப்பல் எங்கே என்பது குரூஸ் டிக்கெட்டிலேயே போட்டிருக்கும். அதைப் படிக்காமல் டாக்சிக்காரரிடம் வெறுமனே ‘குரூஸ் சென்டர்’ என்றால் ஹார்பர்ஃபிரன்ட்டில் கொண்டுபோய் விட்டாலும் விடுவார். ‘மரினா பே’ என்று மட்டும் சொன்னால் மூன்று கோபுர மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டல் வாசலில் இறங்குவீர்கள். முழுப் பெயரையும் சொல்லுங்கள்.

ரயிலில் போவதென்றால், லிட்டில் இந்தியாவிலிருந்து ஹார்பர்ஃபிரன்ட்டுக்கு வடகிழக்குத் தடத்தில் ஒரே வண்டி, மாறவே வேண்டாம். மரினா பே குரூஸ் சென்டருக்கு டோபி காட் நிலையத்தில் இறங்கி வடக்கு தெற்குத் தடத்துக்கு மாறி, கடைசி நிலையமான மரினா சவுத் பியர் வரை போக வேண்டும். அங்கிருந்து முனையத்துக்குக் கூரை போட்ட நடைபாதை இருப்பதால் மழையில் நனைய வேண்டியதில்லை. நிலையங்களில் லிஃப்ட் உண்டு. ஆனாலும் டோபி காட்டில் தடம் மாற நிறைய நடக்க வேண்டும். உங்கள் அம்மாவையும் நாலு வயதுப் பையனையும் பெட்டிகளோடு அப்படிக் கூட்டிப் போகச் சொல்ல மாட்டேன். ரயிலை ஊர் சுற்றும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஏன் லிட்டில் இந்தியா? சாப்பாடு என்று உங்கள் அப்பா சொல்லியிருப்பார், அது நியாயமான காரணம்தான். 1947இல் தொடங்கிய கோமள விலாஸ் உட்பட சைவ ஹோட்டல்கள் நடக்கிற தூரத்தில் வரிசையாக இருக்கின்றன. நடு இரவு விமானத்தில் தூங்காமல் வந்த பெரியவர்களுக்குக் காலை ஏழு மணிக்கு இட்லி கிடைக்கிறதா என்பது சின்ன விஷயம் இல்லை. வீரமாகாளியம்மன் கோவிலும் சீனிவாசப் பெருமாள் கோவிலும் சிராங்கூன் ரோட்டிலேயே இருக்கின்றன. எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றும் காரணம் ஒன்று உண்டு: கப்பல் பயணத்துக்கு முன்னும் பின்னும் உங்களுக்கு ஒரே ஹோட்டல்தான் வசதி, இரண்டுக்கும் பொருந்துகிற பகுதி இது.

ஒரே ஹோட்டலில் இரண்டு முறை பதிவு செய்தால், கப்பலில் போகும் மூன்று நாளும் பெரிய பெட்டிகளை அங்கேயே வைத்துவிட்டுப் போகலாம். பெரும்பாலான ஹோட்டல்கள் திரும்பி வரும் விருந்தினருக்கு இதைச் செய்து கொடுக்கும். முன்கூட்டியே மெயிலில் கேட்டு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். கப்பல் அறையின் அளவை நேரில் பார்த்தால் நான் ஏன் இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று புரியும். ஆளுக்கு ஒரு கைப்பெட்டி போதும். பாஸ்போர்ட், மாத்திரை, குழந்தையின் மாற்று உடுப்பு மட்டும் தோள் பையில் இருக்கட்டும். முனையத்தில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும். முஸ்தபா கடைக்குப் போவதையும் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும் கடை அது, அவசரமில்லை. வாங்கியதையெல்லாம் கப்பலில் ஏற்றி இறக்கும் வேலையும் மிச்சம்.

இனி, பலரும் கோட்டை விடும் இடம். முதல் நாளே போகிறோம் என்று பதிவு செய்துவிட்டு விடியற்காலை ஆறு மணிக்கு ஹோட்டல் வாசலில் நிற்பார்கள். அறை கிடைப்பது மதியம் இரண்டு அல்லது மூன்று மணிக்கு! அதுவரை வரவேற்பறை சோபாவில் குழந்தை தூங்க, பெரியவர்கள் கால் வீங்க உட்கார்ந்திருப்பார்கள். ‘சீக்கிரம் தருகிறோம், அறை காலியாக இருந்தால்’ என்ற பதிலை நம்ப வேண்டாம். டிசம்பர் கடைசியில் அறை காலியாக இருக்காது. பகலில் கிளம்பி மாலையில் சேரும் விமானம் கிடைத்தால் அதற்கு மாறிக்கொள்ளுங்கள், டிக்கெட் கொஞ்சம் கூடுதலானாலும் பரவாயில்லை. கிடைக்காவிட்டால் இரண்டு அறையில் ஒன்றை மட்டும் முந்தைய இரவிலிருந்தே பதிவு செய்யுங்கள். பெரியவர்களும் பையனும் வந்ததும் குளித்துத் தூங்கலாம். மற்றவர்கள் அந்த அறையிலேயே முகம் கழுவிவிட்டு வெளியே கிளம்பலாம், உங்கள் அறை மதியம் வரும். ஆனால் ‘நாங்கள் மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் வருவோம், பதிவை ரத்து செய்துவிடாதீர்கள்’ என்று கட்டாயம் எழுதிவிடுங்கள். ராத்திரி ஆள் வரவில்லை என்று அறையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டால், காசும் போய் அறையும் போய்விடும்.

அறைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. லிட்டில் இந்தியாவின் சிறிய ஹோட்டல்கள் பல பழைய கடைவீடுகளை மாற்றிக் கட்டியவை. பார்க்க அழகாக இருக்கும். லிஃப்ட் இல்லாமல் செங்குத்தான படிக்கட்டு மட்டும் இருக்கலாம், சில அறைகளுக்கு ஜன்னலே இருக்காது. மலிவான விலைக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று இருக்கும். எழுபது வயதுக்காரரோடு போகும்போது லிஃப்ட் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். லிட்டில் இந்தியாவுக்கு அடுத்த ரயில் நிலையமான ஃபாரர் பார்க்கை ஒட்டிய பெரிய, புதிய ஹோட்டல்களில் இந்தத் தொல்லை இல்லை. முஸ்தபாவும் பெருமாள் கோவிலும் அங்கிருந்து பக்கம். உங்களுக்கு அந்தப் பகுதியைத்தான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த வட்டாரம் முழுக்க நம் ஊர்த் தொழிலாளர்கள் விடுமுறைக்குக் கூடுவார்கள். எனக்கு அது பிடித்த கூட்டம். கைக்குழந்தையும் பெட்டியுமாக டாக்சி தேடுபவருக்குப் பிடிக்காமல் போகலாம்.

ஆறு பேருக்கு ஒரே வீடாக எடுத்தால் மலிவு என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சிங்கப்பூரில் தனியார் வீட்டை மூன்று மாதத்துக்கும், அரசு அடுக்குமாடி வீட்டை ஆறு மாதத்துக்கும் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டவிரோதம். ஓரிரவுக்கு வீடு தருகிறேன் என்று வரும் விளம்பரம் எதுவானாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். முறையான சர்வீஸ் அபார்ட்மென்ட் வேறு, அதற்கு அனுமதி உண்டு.

விலையை ஒப்பிடும்போது தொகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். 10 சதவீத சேவைக் கட்டணமும், அதன் மேல் 9 சதவீத ஜிஎஸ்டியும் தனி என்று அர்த்தம். 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று போட்ட அறை கடைசியில் 239 வெள்ளி 80 காசு ஆகும். இரண்டு அறை, இரண்டு முறை என்று பெருக்கிப் பாருங்கள். டிசம்பர் 31 இரவு உங்கள் தேதிக்குள் வந்தால் விலை ஏறும், மரினா பே சுற்றுச் சாலைகளைப் புத்தாண்டுக் கூட்டத்துக்காக மூடவும் செய்வார்கள். லிட்டில் இந்தியாவைத் தேர்ந்தெடுக்க அதுவும் ஒரு காரணம்.

கப்பல் ஏறும் நாள் சுலபம். பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்து, பைகளைக் கீழே வைத்துவிட்டு, சாப்பிட்டு, டிக்கெட்டில் கொடுத்திருக்கும் நேரத்துக்குப் போங்கள். ஆறு பேருக்கு இரண்டு டாக்சி, இல்லையென்றால் ஆறு பேர் உட்காரும் மேக்ஸிகேப் ஒன்று. ஒரு சட்டம் கவனத்தில் இருக்கட்டும்: 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்குக் காரில் குழந்தை இருக்கை வேண்டும். டாக்சிக்கு அதில் விலக்கு உண்டு, செயலியில் கூப்பிடும் தனியார் வாடகைக் காருக்குக் கிடையாது. உங்கள் பையனோடு போகும்போது டாக்சி என்றே தேர்ந்தெடுங்கள்.

திரும்பும் நாள் வேறு மாதிரி. கப்பல் காலையிலேயே வந்துவிடும், ஒன்பது பத்து மணிக்கெல்லாம் உங்களை இறக்கிவிடுவார்கள். அதே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் டாக்சிக்கு நிற்பார்கள். அன்று மதியத்துக்கு முன் விமானம் வைத்துக்கொள்ளவே கூடாது. நீங்கள் ஒரு இரவு தங்கப் போவதால் பிரச்சினை இல்லை. ஹோட்டலில் பையைப் போட்டுவிட்டு, வாழை இலைச் சாப்பாடு ஒன்று சாப்பிட்டு, அறை கிடைத்ததும் பெரியவர்களைத் தூங்க வைத்துவிடுங்கள். பிள்ளைகள் செந்தோசா கேட்டால், மறுநாள் ஃபாரர் பார்க்கிலிருந்து ஹார்பர்ஃபிரன்ட் வரை நேர் ரயில், விவோசிட்டியிலிருந்து தீவுக்கு செந்தோசா எக்ஸ்பிரஸ். அதற்காகச் செந்தோசாவில் போய்த் தங்கத் தேவையில்லை. மறுநாள் விமானம் இரவில்தான் என்றால், ஒரு அறையை மட்டும் கூடுதலாக மாலை வரை வைத்துக்கொள்ள என்ன கேட்பார்கள் என்று விசாரியுங்கள். அம்மா நன்றி சொல்வார்.

விசா விஷயத்தை ஏஜென்ட் பார்த்திருப்பார், ஆனாலும் நீங்களும் ஒரு முறை பாருங்கள். கப்பல் வெளிநாட்டுத் துறைமுகத்துக்குப் போய் வந்தால், நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டாவது முறை நுழைகிறீர்கள். பல முறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். சிங்கப்பூருக்குள் நுழைவதற்கு இணையத்தில் நிரப்பும் படிவமான எஸ்ஜி அரைவல் கார்டையும் மறுபடி நிரப்ப வேண்டும். அதை வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும், அதாவது கப்பலில் இருக்கும்போது. கப்பலில் இன்டர்நெட்டுக்குத் தனிக் காசு. வழியில் துறைமுகத்தில் இறங்கும்போது போனில் நிரப்பிவிடுங்கள். தங்குமிடம் எது என்று அதில் கேட்பார்கள், ஹோட்டல் பெயரையும் முகவரியையும் குறித்துக் கையில் வைத்திருங்கள். அரசு இணையதளத்தில் அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் இல்லை.