நாட்டார் கதை, பூஜை, சடங்கு என்று நடத்தும் நெசவுப் பட்டறைகளுக்குப் போனவர்கள் உண்டா? இழந்ததை மீட்டெடுக்கலாம் என்கிறார்களே, உண்மையில் ஏதாவது கிடைத்ததா?

இரண்டு முறை போயிருக்கிறேன். முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெருநகரத்தில், குளிரூட்டிய அறையில், ஒரு நாள் நிகழ்ச்சி. கட்டணம் 4,500 ரூபாய். அட்டைச் சட்டம் ஒன்றில் கம்பளி நூலைக் கோத்துக் கொடுத்தார்கள். ஊதுபத்தி கொளுத்தினார்கள். எந்த ஊர்க் கதை என்றே புரியாத ஒரு சிலந்திப் பாட்டியின் கதையைச் சொல்லி, மனத்தில் இருக்கும் வலியை நூலில் முடிந்துவிடச் சொன்னார்கள். என் பக்கத்தில் இருந்த பெண் உண்மையாகவே அழுதார். அவருக்குக் கிடைத்தது பொய் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. எனக்குக் கழுத்து வலிதான் மிச்சம்.

இரண்டாவதைப் பற்றிச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் தேவாங்கர், நெசவுச் சமூகம். அப்பா நெகமம் சேலை நெய்தவர். வீட்டில் பேசியது கன்னடம், பள்ளியில் படித்தது தமிழ், எங்கள் சௌடேஸ்வரி அம்மனைக் கூப்பிடுவதோ தெலுங்கில். விஜயதசமி அன்று கோவை ராஜவீதியில் அம்மனை அழைத்துவரும்போது, கத்தியால் உடம்பில் போட்டுக்கொண்டு, ‘வேசுக்கோ, தீசுக்கோ’ என்று ஆண்கள் ஆடிவருவதை அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பயத்தில் அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்தது நினைவிருக்கிறது.

கல்லூரி விடுதியில், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டவர்களிடம் ‘ஜவுளி வியாபாரம்’ என்றேன். சொன்ன பொய் பழகிவிட்டது. புகுந்த வீட்டிலும் அதையே சொன்னேன். அப்பா இறந்த பிறகு தறியைப் பிரித்து விற்றோம். நெய்பவர் கால் வைத்து மிதிக்கும் தறிக்குழியில் மண் கொட்டி மூடி டைல்ஸ் போட்டோம். இப்போது அதன் மேல் வாஷிங் மெஷின் நிற்கிறது. அது சுழலும்போது தரை லேசாக அதிரும். அம்மா மட்டும் அந்த இடத்தில் கொஞ்சம் விலகித்தான் நடப்பார்.

தூரத்து உறவில் ஒரு அத்தையும் அவர் மகனும் தங்கள் வீட்டுத் தறியிலேயே ஐந்து நாள் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். நான்கு பேர் வந்திருந்தோம். நான் போய் இறங்கிய நாள் அமாவாசை. அமாவாசையன்று தறியைத் தொட மாட்டார்கள். பெங்களூரிலிருந்து வந்த வடிவமைப்பாளர் ஒருவருக்கு இது தெரியாது. ஒரு நாள் வீணாகிறதே என்று முகம் வாடிவிட்டார். “அம்மன் வந்த நாள், அன்றைக்குத் தறிக்கு லீவு” என்றார் அத்தை. அதற்கு மேல் விளக்கம் இல்லை.

அன்றிரவு திண்ணையில் கதை. தேவர்களுக்கு உடுக்கத் துணி இல்லாத காலம். தேவல முனிவர் திருமாலின் உந்தித் தாமரையிலிருந்து நூல் வாங்கிக்கொண்டு திரும்புகிறார். வழியில் அசுரர்கள் மறிக்கிறார்கள். முனிவர் வேண்ட, கண்கூசும் ஒளியோடு அம்மன் தோன்றி அவர்களை வெட்டிச் சாய்க்கிறாள். அந்த இரத்தத்தில் நனைந்துதான் நூலுக்குக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஐந்து நிறம் வந்ததாம். வெள்ளை இரத்தம் எப்படி என்று சின்ன வயதில் கேட்டு அடி வாங்கியிருக்கிறேன். இந்த முறை, நெய்வதற்கு முன் நூல் சுற்றும் வேலையைப் பற்றி வேறொன்று கேட்டேன்.

“அத்தை, தேவல முனிவருக்குத் தார் சுற்றிக் கொடுத்தது யார்?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்தார். “யாரோ சுற்றித்தானே கொடுத்திருப்பார்கள் கண்ணு. சுற்றாமல் எப்படி நெய்வான்?”

மறுநாள் காலையில் தறிக்குச் சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். மிதியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொன்னார்கள். காலால் மிதிக்கப்போகும் பலகையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். அடுத்து எல்லாரும் தறியில் உட்காரத் தயாராக நின்றோம். அத்தை எங்களை ராட்டைப் பக்கம் தள்ளிவிட்டார். “முதலில் தார் சுற்றுங்கள். இரண்டு நாள்.”

தெரியாதவர்களுக்காக: தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குழலில் ஊடை நூலை, அதாவது குறுக்கு நூலைச் சுற்றுவதுதான் தார் சுற்றுவது. பார்க்கச் சிறுபிள்ளை வேலை போல இருக்கும். வலது கை ராட்டையைச் சுற்ற, இடது கை விரல்களுக்கு நடுவே நூல் ஓடும். கொஞ்சம் தளர விட்டால், நாடா ஓடும்போது நூல் கொத்தாகச் சரிந்து வந்துவிடும். இறுக்கினால் அறுந்துபோகும். ஒரே இடத்தில் சேர்த்துவிட்டால் நாடாவுக்குள் சிக்கி நின்றுவிடும். அத்தை ஒவ்வொரு தாரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். “கொய்யாக்காய் மாதிரி இருக்க வேண்டும். இது என்ன, பழுத்த பூவன் பழம்?” என்று சொல்லிப் பிரிக்கவைப்பார். முதல் நாள் நான் சுற்றியதில் தேறியவை மூன்று.

இரண்டாம் நாள் மதியம் ஆள்காட்டி விரலில் நூல் ஓடிய இடம் சிவந்து எரிந்தது. அப்போதுதான் அம்மாவின் விரல் ஞாபகத்துக்கு வந்தது. அதே இடத்தில் அவருக்கு ஒரு பள்ளம் உண்டு. கைரேகை வைக்கும் இயந்திரத்தில் அந்த விரல் பதியவே பதியாது. ஒவ்வொரு முறையும் வேறு விரலை வைத்துப் பார்ப்பார். முப்பது வருடம் விடியற்காலையில் எழுந்து தார் சுற்றி, பாவுக்கு, அதாவது நெடுக்கு நூலுக்குக் கஞ்சி போட உதவி செய்தவர். ஒரு சேலைக்கு இவ்வளவு என்று கூலி வரும், அது அப்பாவின் கையில் வரும். அம்மாவின் வேலைக்குத் தனிக்கணக்கு கிடையாது. ‘நெசவுக்காரர் வீட்டம்மா’ என்பார்கள். நான் மறைத்தது அப்பாவின் தொழிலை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அம்மாவுக்கு ஒரு தொழில் இருந்ததே என் கணக்கில் வரவில்லை. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில், நாட்டில் சுமார் 35 லட்சம் பேர் இந்தத் தொழிலில் இருப்பதாகவும், அவர்களில் 25 லட்சத்துக்கும் மேல் பெண்கள் என்றும் இருக்கிறது. தார் சுற்றுவது போன்ற துணை வேலை செய்கிறவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. எங்கள் வீட்டில்தான் எண்ணாமல் விட்டுவிட்டோம்.

மூன்றாம் நாள் பாவு பிணைத்தல். பழைய பாவின் மிச்ச நுனியை அறுத்தெறிய மாட்டார்கள். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அதன் இழையோடு சேர்த்து முறுக்கி ஒட்டவேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இழைகள். விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு செய்தோம். திருநீறு என்று நினைத்து ஒருவர் நெற்றியிலும் பூசிக்கொண்டார். அடுப்புச் சாம்பல். பிடி வழுக்காமல் இருப்பதற்குத்தான். அவரை யாரும் திருத்தவில்லை.

தறியில் உட்கார்ந்தது கடைசி இரண்டு நாள் மட்டுமே. மிதிக்க வேண்டும், கயிற்றை இழுக்க வேண்டும், அச்சுப்பலகையால் அடிக்க வேண்டும். மூன்றும் ஒத்துவருவதற்குள் பாதி நாள் போய்விட்டது. ஆளுக்கொரு துண்டு நெய்தோம். அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. கடைசி நாள் மாலையில் நான்கு துண்டுகளையும் ஊர்க் கோயிலில் அம்மன் காலடியில் வைத்து எடுத்துக் கொடுத்தார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு. போகலாமா என்றால், பணம் கட்டும் முன் இரண்டு விஷயம் விசாரியுங்கள். கற்றுத் தருகிறவர் நெசவால் பிழைக்கிறவரா, நீங்கள் கட்டும் பணம் அவர் கைக்குப் போகிறதா? இரண்டாவது, தறிக்கு முந்தைய வேலைகளைச் செய்ய விடுவார்களா, இல்லை, எல்லாம் ஆயத்தமாக வைத்து, புகைப்படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் உட்காரவைப்பார்களா? மந்திரம், மத்தளம் எல்லாம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. கதையும் உங்கள் கதையாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. வந்த நான்கு பேரில் மூன்று பேருக்கு சௌடேஸ்வரி யார் என்றே தெரியாது. தார் சுற்றும்போது எங்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் விரல் எரிந்தது.

மனம் ஆறியதா என்று கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. திரும்பி வந்த வாரம் என் மகளின் பள்ளிப் படிவம் ஒன்றில் தாத்தாவின் தொழில் என்று கேட்டிருந்தது. நெசவு என்று எழுதினேன். பாட்டியின் தொழில் என்ற இடத்திலும் நெசவு என்றே எழுதினேன்.

துண்டை அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அந்தப் பள்ளம் விழுந்த விரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“தார் யார் சுற்றியது?”

“நான்தான் அம்மா.”

“தெரிகிறது” என்றார்.