பிசியோதெரபி அல்ட்ராசவுண்ட் கருவியைத் தலையில் வைக்கலாமா?

வைக்காதீர்கள். பக்கவாதம் வந்து ஐந்து மாதமாகியும் அப்பாவுக்கு விரல்கள் விரியவில்லை, மூட்டு வலிக்கு வாங்கிய கருவியால் மூளையைத் தூண்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கருவியால் அது முடியாது.

பெயர் ஒன்றுதான், வேலை வேறு. வீட்டுக் கருவி பொதுவாக 1 அல்லது 3 மெகாஹெர்ட்ஸில் ஓடும். அந்த அலையின் பெரும்பகுதி மண்டையோட்டிலேயே அடங்கிவிடும், எலும்புதான் சூடாகும். அல்ட்ராசவுண்டால் மூளையைத் தூண்டும் ஆய்வுகளில் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த அதிர்வெண்ணில், எம்.ஆர்.ஐ. படம் பார்த்து இடம் குறித்து, அலையைக் குவித்துச் செலுத்துகிறார்கள். பக்கவாத மறுவாழ்வுக்கு அதுவும் இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், பக்கவாதம் வந்த சில மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தோடு 300 கிலோஹெர்ட்ஸ் அலையையும் கொடுத்தார்கள். மூளையில் ரத்தக்கசிவு கூடியதால் பாதியிலேயே நிறுத்தினார்கள். உங்கள் அப்பாவின் நிலை வேறுதான், ஆனாலும் தலை விஷயத்தில் சோதனை வேண்டாம்.

சரி, விரல் ஏன் விரியவில்லை? தசை இறுக்கமாக இருக்கலாம். அவர் கையைத் தளர்த்தி வைத்திருக்கும்போது விரல்களை மெதுவாக விரித்துப் பாருங்கள். அப்புறம் கொஞ்சம் வேகமாக, வலிக்காத அளவுக்கு. மெதுவாக விரித்தால் வந்து, வேகமாக விரித்தால் சட்டென்று பிடித்துக்கொண்டால் அது இறுக்கம்தான். அதற்கு, தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசியும் நீட்சிப் பயிற்சியும் உண்டு. மருத்துவரிடம் இதையே சொல்லிக் கேளுங்கள். தானாகக் கட்டைவிரலைக் கொஞ்சம் நீட்ட முடிந்தாலும் நல்ல அறிகுறி, அந்தக் கைக்கே தினமும் வேலை கொடுங்கள்.

திடீரெனக் கை இன்னும் தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ பதிலுக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.