விதையை மட்டும் தின்னும் காக்டெயில் கிளி: தீவனத்தை மாற்றுவது எப்படி?

கேள்வி: வேலூர் அருகே அணைக்கட்டு என்னும் ஊர்ப் பகுதியில் நிலக்கடலையும் முள் கத்தரியும் பயிரிடுகிறேன். இரண்டு கறவை மாடுகளும் சில நாட்டுக்கோழிகளும் உண்டு. என் மகள் இரண்டு ஆண்டுகளாக ஒரு காக்டெயில் கிளி வளர்க்கிறாள். சூரியகாந்தி விதை, பச்சை நிலக்கடலை, தேநீரில் நனைத்த பிஸ்கட் ஆகியவற்றைத் தவிர வேறெதையும் அது தொடுவதில்லை. காய், பழம், கீரை எதை வைத்தாலும் கிண்ணத்தைக் கவிழ்த்துவிடுகிறது. இரண்டு நாள் பட்டினி போட்டால் வழிக்கு வரும் என்று சிலர் சொல்கிறார்கள். முட்டைக்கோழித் தீவனத்தைக் கொடுக்கலாமா என்றும் அறிய விரும்புகிறேன். சில வாரங்களாக அடிக்கடி தும்முகிறது. இறகின் பளபளப்பும் குறைந்துள்ளது. என்ன செய்வது, ஐயா?

பதில்: முதலில், தயவுசெய்து பட்டினி போடாதீர்கள். உங்கள் காக்டெயிலின் உடல் எடை 80 முதல் 100 கிராம் வரைதான் இருக்கும். மாடு இரண்டு நாள் சரியாகத் தின்னாவிட்டாலும் உடலில் உள்ள கொழுப்பைக் கொண்டு தாங்கிக்கொள்ளும். இத்தனை சிறிய பறவைக்கு அந்தக் கையிருப்பு கிடையாது. அதிலும், கொழுப்பு மிகுந்த விதையையே தின்று ஈரலில் கொழுப்பு படிந்திருக்கும் பறவை பட்டினி கிடந்தால், அதன் ஈரல் மேலும் சீர்குலையும். நான் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு வீட்டாரிடம் சூரியகாந்தி விதையை ஒரேயடியாக நிறுத்திவிட்டுக் காய்கறியை வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் அவர்கள் கொண்டுவந்த பறவை இறகை உப்பிக்கொண்டு, கண்ணை மூடிக் கூண்டின் அடியில் உட்கார்ந்திருந்தது. அதைக் காப்பாற்ற முடியவில்லை. அதன் பிறகு, எடை பார்க்காமல் தீவனத்தை மாற்றுங்கள் என்று யாரிடமும் நான் சொன்னதில்லை.

நீங்கள் வளர்ப்பது காக்டெயில் என்பதால் சட்டச் சிக்கல் இல்லை. நம் தோப்புகளில் பறக்கும் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்து வளர்ப்பது, 1972 ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். அக்கம்பக்கத்தில் யாரேனும் வளர்த்தால் அதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

இப்போது, அது ஏன் மறுக்கிறது என்பதைப் பார்ப்போம். வெள்ளாட்டுக்கு அகத்திக்கொத்தைப் போட்டால் இலையை உருவிக்கொண்டு குச்சியை விட்டுவிடுகிறது, அது விருப்பம். உங்கள் பறவை செய்வது வேறு. குஞ்சுப் பருவத்தில் எது இரை என்று தாய் தந்தையிடமும் கூட்டத்திடமும் பார்த்துப் பழகுகிறதோ, அதை மட்டுமே கிளி இனம் இரையாக அறியும். விற்பனைக்காக வளர்க்கப்படும் குஞ்சு பெரும்பாலும் விதையைத் தவிர வேறெதையும் பார்த்திருக்காது. ஆகவே நீங்கள் வைத்த கேரட் துண்டு அதன் கண்ணுக்கு உணவாகத் தெரியவில்லை. புதிதாக வந்த ஓர் அச்சமூட்டும் பொருளாகத் தெரிகிறது. அடுத்த முறை வைக்கும்போது அதன் கொண்டையைக் கவனியுங்கள்: கொண்டை நெட்டுக்குத்தாக நின்றால் மிரண்டிருக்கிறது, தலையோடு படிந்து, சீறவும் செய்தால் அச்சம் அல்லது கோபம். பிடிவாதம் என்று எண்ணி நாம் கடுமை காட்டினால் அச்சம்தான் வளரும். இது கற்பிக்க வேண்டிய வேலை, பணியவைக்கும் வேலை அன்று.

தும்மலும் மங்கிய இறகும் என்னைக் கவலைப்பட வைக்கின்றன. சூரியகாந்திப் பருப்பிலும் கடலைப் பருப்பிலும் ஏறத்தாழப் பாதி எண்ணெய்தான். அவற்றில் வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம். சுண்ணாம்புச் சத்தும் மிகக் குறைவு. வைட்டமின் ஏ குறையும்போது மூக்கு, வாய், தொண்டை ஆகியவற்றின் உட்புறத்தில் ஈரமாக இருக்க வேண்டிய மென்படலம் தடித்துக் காய்ந்துபோகிறது. அங்கே கிருமிகள் எளிதில் குடியேறுகின்றன. தும்மல், மூக்கடைப்பு, வாய்க்குள் வெண்மையான படிவு, மங்கிய இறகு ஆகியவை இந்த வழியில் வருபவை. ஆனால் கிளிக்காய்ச்சல் என்னும் நோயிலும் தும்மல் வரும். அது மனிதருக்கும் தொற்றக்கூடியது. எனவே தீவனத்தை மாற்றத் தொடங்குவதற்கு முன் ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நோயுற்ற பறவைக்குத் தீவன மாற்றத்தைத் தொடங்கக் கூடாது.

கடலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது உங்கள் களத்திலிருந்தே வருகிறது. அறுவடையின்போது மழையில் நனைந்த, சரியாகக் காயாத, ஓடு உடைந்த கடலையில் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்ததற்குக் காரணம், பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்குதான் என்று கண்டறிந்தபோதுதான் இந்த நஞ்சை உலகம் அறிந்தது. பறவைகளின் ஈரலை அது நேராகத் தாக்கும். வறுத்தாலும் முழுமையாக அழியாது. எனவே பச்சைக் கடலையை இன்றே நிறுத்திவிடுங்கள்; சூரியகாந்தி இன்னும் சில வாரங்கள் இருக்கப்போவதால், கடலை ஒன்றை நிறுத்துவதால் பறவை பட்டினி கிடக்காது.

ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். தினமும் காலையில், முதல் எச்சம் போட்ட பின், இரை வைக்கும் முன், தராசின் மேல் ஒரு குச்சியையோ கிண்ணத்தையோ வைத்துப் பறவையை அதில் நிற்கப் பழக்கி, எடையை நோட்டில் குறித்துவரும்படி மகளிடம் சொல்லுங்கள். முதல் ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எடையை மட்டும் பாருங்கள். அதுதான் அடிப்படை எடை. பின்னர் மாற்றம் நடக்கும்போது அந்த எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அதாவது 90 கிராம் பறவை 81 கிராமுக்கு வந்தால், உடனே பழைய இரைக்குத் திரும்பிவிட்டு மருத்துவரை அணுக வேண்டும். எச்சத்தையும் பாருங்கள். கூண்டின் அடியில் வெள்ளைத் தாள் விரித்தால் எளிதாகத் தெரியும். எண்ணிக்கை திடீரெனக் குறைந்து, கரும்பச்சையாகச் சிறுத்துப்போனால் பறவை சரியாகத் தின்னவில்லை என்று பொருள்.

இன்னொன்று, பலரும் ஏமாறுகிற இடம். காக்டெயில் விதையை உடைத்துப் பருப்பைத் தின்றுவிட்டு, தோலை அதே கிண்ணத்தில் போடும். பார்ப்பதற்குக் கிண்ணம் நிறைந்திருப்பது போலத் தோன்றும். வாயால் ஒரு முறை ஊதிப் பார்த்தால் உமி பறந்து, அடியில் நான்கு விதைகூட இருக்காது. தீவனம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருக்கும் வீட்டில் பறவை பசியோடு இருந்திருக்கும். தினமும் இரண்டு முறை ஊதிப் பாருங்கள்.

மாற்றத்தின் முதல் படி, விதையிலிருந்து விதைக்கு மாறுவது. காக்டெயில் ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளில் தரையில் நடந்து புல்விதை பொறுக்கும் பறவை; சிறுதானியம் அதன் இயல்புக்கு மிக நெருக்கமானது. ஜவ்வாது மலையில் விளையும் சாமையும், தினையும், கம்பும் நமக்கு அருகிலேயே கிடைக்கின்றன. உமி நீக்காத தானியமாக வாங்குங்கள். அவற்றில் எண்ணெய் சூரியகாந்தியில் இருப்பதில் பத்தில் ஒரு பங்களவுதான். இரண்டு மூன்று வாரங்களில், சிறிது சிறிதாகச் சூரியகாந்தியைக் குறைத்துத் தானியத்தைக் கூட்டி, கடைசியில் சூரியகாந்தி விதை கிண்ணத்தில் இல்லாமல், மகளின் கையிலிருந்து மட்டும், நாளுக்கு நான்கைந்து என்ற அளவில் கிடைக்குமாறு செய்யுங்கள். அப்போது அந்த விதை ஒரு பரிசாகிவிடும். புதிய உணவைத் தொட்டால் கொடுக்கப் பயன்படும்.

அடுத்தது முளைகட்டிய தானியம். என் அனுபவத்தில் விதைக்கும் காய்க்கும் நடுவே பாலமாக இதைப்போல் உதவுவது வேறில்லை, ஏனெனில் பறவைக்கு இது இன்னும் விதையாகவே தெரிகிறது. கம்பு, கேழ்வரகு, பாசிப்பயறு ஆகியவற்றை இரவில் ஊறவைத்து, வடித்து, நாளுக்கு மூன்று முறை அலசி, முளை நுனி வெளியே தெரிந்தவுடன் கொடுங்கள். புளித்த வாடையோ வழவழப்போ இருந்தால் எருக்குழிக்குத்தான் போக வேண்டும். முளையைத் தின்னத் தொடங்கியதும் அதனோடு துருவிய கேரட், வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பொடியாக நறுக்கிய முருங்கைக் கீரை ஆகியவற்றில் ஒன்றை ஒரு சிட்டிகை கலந்து, வாரந்தோறும் சிறிது கூட்டுங்கள். இவற்றிலுள்ள பீட்டா கரோட்டினை உடல் தேவைக்கேற்ப வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். பழுத்துச் சிவந்த மிளகாயையும் இரண்டாகக் கிள்ளி வைக்கலாம். அதன் காரத்தை உணரும் நரம்பமைப்பு பறவைகளுக்கு இல்லை. வேலியில் கொடி ஓடினால் கோவைப்பழமும் நல்லது.

வைக்கும் விதமும் முக்கியம். ஆழமான கிண்ணம் வேண்டாம். தரையில் பொறுக்கும் பறவை என்பதால் அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பி வையுங்கள். ஈரமான கீரைக் கொத்தைக் கூண்டுக் கம்பியில் கட்டிவிட்டால் சில பறவைகள் முதலில் அந்த ஈரத்தில் உடலைத் தேய்த்துக் குளிக்கும், பிறகு நுனியைக் கடித்துப் பார்க்கும். கீரையின் மேல் தினையைத் தூவினால் தினையைப் பொறுக்கும் சாக்கில் இலையும் வாயில் படும். எல்லாவற்றையும்விடப் பயன்தரும் வழி, மகள் அதன் எதிரே உட்கார்ந்து அதே கேரட்டைக் கடித்துத் தின்பது. கூட்டமாக மேயும் பறவை, தன் கூட்டத்தார் தின்பதை நம்பும்; இப்போது அதற்குக் கூட்டம் உங்கள் குடும்பம்தான். பிஸ்கட்டை அது ஆசையாகத் தின்பதற்கும் காரணம், நீங்கள் தின்பதைப் பார்த்ததுதான் என்றே நினைக்கிறேன். ஒரே காயைப் பத்து பதினைந்து நாள் தொடர்ந்து வைக்க வேண்டியிருக்கலாம். இரண்டு நாளில் கைவிட்டு வேறு காய்க்கு மாறாதீர்கள். விடிந்தவுடன் பசி மிகும் நேரத்தில் புதிய உணவை வைத்து, ஒரு மணி நேரம் கழித்துத் தானியத்தை வையுங்கள். நம் வேலூர் வெயிலில் ஈர உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் இருக்கக் கூடாது.

முட்டைக்கோழித் தீவனம் வேண்டாம். முட்டை ஓட்டுக்காக அதில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம் வரை சேர்க்கப்படுகிறது. முட்டையிடாத கிளிக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவே போதும். மிகுதியானது சிறுநீரகத்தைக் கெடுக்கும். கிளிகளுக்கென்று விற்கப்படும் பெல்லட் எனப்படும் குச்சித் தீவனம் நல்லது. முளைதானியமும் காயும் பழகிய பிறகு, அதைப் பொடித்து ஈரக் கலவையில் சிறிது சிறிதாகச் சேர்த்து, மொத்த உணவில் பாதிவரை கொண்டுவரலாம். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓட்டைக் கம்பியில் செருகினால் போதும். தண்ணீரில் கலக்கும் வைட்டமின் சொட்டு மருந்தை மருத்துவர் சொல்லாமல் ஊற்றாதீர்கள். செயற்கை வைட்டமின் ஏ அளவு மிஞ்சினால் காக்டெயிலுக்கு அதுவும் கேடு.

தேநீர் பிஸ்கட்டை நிறுத்துங்கள். தேநீரிலுள்ள காஃபீன் அதற்கு ஆகாது. பாலைச் செரிக்கும் திறனும் பறவைக்குக் கிடையாது. வெண்ணெய்ப் பழம் எனப்படும் அவகேடோ, சாக்லேட், வெங்காயம், பூண்டு, உப்புப் போட்ட தின்பண்டம் எதுவும் வேண்டாம். கத்தரிச் செடியின் இலையும் காம்பும் நஞ்சு. காய்ப்புழுவுக்கு மருந்து அடிக்கும் வயலின் ஓரத்தில் பறித்த கீரையையும் கொடுக்காதீர்கள். கொல்லைப்புறத்து முருங்கையே பாதுகாப்பானது.

இரண்டு மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சில பறவைகளுக்கு அரை ஆண்டுகூட ஆகும். மூச்சுவிடும்போது வால் மேலும் கீழும் ஆடினாலோ, மூக்கில் நீர் வடிந்தாலோ, பகலில் இறகை உப்பிக்கொண்டு உறங்கினாலோ நாள் கடத்தாதீர்கள். உள்ளூரில் பறவை பார்க்கும் மருத்துவர் கிடைக்காவிட்டால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். போகும்போது மகளின் எடை நோட்டையும், அன்றைய எச்சம் விழுந்த தாளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.