ஜாஸ் ட்ரம்பெட்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: லூயி ஆம்ஸ்ட்ராங் என்றாலே எனக்குக் கரகரத்த குரலில் பாடும் தாத்தாதான் ஞாபகம் வருகிறார். ட்ரம்பெட்டில் அவ்வளவு பெரிய ஆளா சார்?

பதில்: 1928 ஜூனில் சிகாகோவில் பதிவான 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' கேளுங்கள், அப்போது தாத்தாவுக்கு வயது 26. எடுத்த எடுப்பில் பக்கவாத்தியமே இல்லாமல் தனி ட்ரம்பெட், மேலே ஏறி உச்சியைத் தொட்டுச் சரசரவென்று இறங்கி வருகிறது, மொத்தம் கால் நிமிடம்கூட இருக்காது. கடைசிச் சுற்றில் ஒரே மேல்சுரத்தைக் கிட்டத்தட்ட நான்கு பார் (தாளச் சுற்று) நீளத்துக்கு அசையாமல் பிடித்து நிற்கிறார், அதையும் விட்டுவிடாதீர்கள். மூன்று நிமிடச் சொச்சம்தான், இரண்டு தடவை கேட்டுவிட்டு வந்து சண்டை போடுங்கள்.

கேள்வி: டிஸ்ஸி கில்லெஸ்பியின் ட்ரம்பெட் ஏன் வானத்தைப் பார்க்கிறது? ஸ்டைலா?

பதில்: விபத்து. 1953-ல் ஒரு விருந்தில் யாரோ அதன்மேல் விழுந்து ட்ரம்பெட்டின் முன்வாய் மேல்நோக்கி வளைந்துபோனது. வாசித்துப் பார்த்தால் தன் ஒலி தனக்கே நன்றாகக் கேட்கிறது என்று அப்புறம் அதே மாதிரி செய்யச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

கேள்வி: மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' பழைய எல்.பி. வைத்திருக்கிறேன். நண்பரின் சிடியோடு சேர்த்துக் கேட்டால் சுருதி ஒட்டவில்லை. என் டர்ன்டேபிள் போய்விட்டதா?

பதில்: டர்ன்டேபிளைக் கழற்றிவிடாதீர்கள்! 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் பதிவானபோது டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடிவிட்டது, மெதுவாகப் பதிவானதைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறித்தானே கேட்கும். முதல் பக்கத்து மூன்று பாட்டுகளுக்கும் இதே கதை. ஏப்ரலில் பதிவான இரண்டாம் பக்கம் சரியாகவே இருக்கும், வேண்டுமானால் அதை ஒப்பிட்டுப் பாருங்கள். 1990-களின் மறுவெளியீடுகளில்தான் அன்று கூடவே சரியான வேகத்தில் ஓடிய இன்னொரு டேப்பை எடுத்துத் திருத்தினார்கள். எனக்கென்னவோ அந்தத் தப்பான சுருதிதான் இன்னும் பிடிக்கிறது, பழக்கதோஷம்.

கேள்வி: மைல்ஸ் டேவிஸ் சில பாட்டுகளில் காதோரம் கிசுகிசுப்பது போல வாசிப்பது எப்படி?

பதில்: ஹார்மன் மியூட், ட்ரம்பெட் வாயில் செருகி ஒலியை அடக்கும் அடைப்பான். அதன் நடுக்குழாயை உருவிவிட்டு, மைக்குக்கு வெகு அருகில் வைத்து வாசிப்பார்.

கேள்வி: 25 வயதில் இறந்த கிளிஃபர்ட் பிரவுனை எதற்கு இப்படித் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறீர்கள் அண்ணா? அல்பாயுசில் போனவர்கள்மேல் வரும் பரிதாபமா?

பதில்: பரிதாபம் இல்லை தம்பி. 1954-ல் ட்ரம்ஸ் கலைஞர் மாக்ஸ் ரோச்சோடு பதிவு செய்த 'ஜாய் ஸ்ப்ரிங்', அடுத்த வருடத்து 'செரோக்கி' இரண்டையும் வரிசையாகப் போடு. 'செரோக்கி' தலைதெறிக்க ஓடுகிற வேகம், அதிலும் ஒரு சுரம் இன்னொன்றில் வழிந்து கலப்பதில்லை, ஒவ்வொன்றும் சோளப்பொரி மாதிரி தனித்தனியாக விழும். வேகமாக வாசிக்கும் பலருக்கு ஒலி மெலிந்துவிடும், இவருக்கு அந்த உருண்டையான கனம் கடைசிவரை குறையவே இல்லை, நான் அடித்துச் சொல்வது இதை வைத்துத்தான். போதைப்பொருள் பக்கம் போகாத மனிதர், 1956 ஜூனில் பென்சில்வேனியாவில் மழை இரவில் கார் விபத்து, கூட வந்த பியானோ கலைஞர் ரிச்சி பவலும் போய்விட்டார். கிளிஃபர்ட் நினைவாக சாக்ஸஃபோன் கலைஞர் பென்னி கோல்சன் எழுதிய 'ஐ ரிமெம்பர் கிளிஃபர்ட்'டை மறுவருடமே லீ மார்கன் ட்ரம்பெட்டில் வாசித்துப் பதிவு செய்தார், 18 வயதுப் பையன். அதையும் கேள், அப்புறம் பரிதாபமா என்று சொல்.

கேள்வி: பிக்ஸ் பைடர்பெக்கை ஜாஸ் ட்ரம்பெட் மேதைகள் பட்டியலில் சேர்க்கலாமா?

பதில்: அவர் வாசித்தது கார்னெட், ட்ரம்பெட்டுக்குத் தம்பி மாதிரியான கருவி. இருந்தாலும் 1927-ன் 'சிங்கின் த ப்ளூஸ்' ஒன்றுக்காகவே தாராளமாகச் சேர்க்கலாம்.